சாட்சி வாங்கிய தாம்பூலம்

வரலட்சுமி நோன்புக்கு லீவு கேட்டால் எங்கள் சூப்பரின்டெண்டென்டுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "கணபதிக்கு ஊரோடு லீவு விடறோம், அப்புறம் உங்களுக்குத் தனியா ஒண்ணா?" என்பார். அந்த வருஷம் எனக்கு அது தலை நோன்பு. கல்யாணமாகி மாதுங்காவுக்கு வந்தபின் வரும் முதல் நோன்பு. ஒரு மாதம் முன்பிருந்தே அவர் மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்து, கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கியிருந்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் டைப்ரைட்டருக்கு உறை போட்டுவிட்டுக் கைப்பையை எடுக்கும்போது மனுஷர் கூப்பிட்டார்.

"உங்க லீவு கேன்சல். நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு டெல்லிப் போலீஸ் ஆபீஸ்ல இருக்கணும்."

"எதுக்கு சார்?"

"அதெல்லாம் கான்ஃபிடென்ஷியல். எனக்கே சொல்லலை."

டெல்லிப் போலீஸ் என்று நாங்கள் சொன்னது மத்திய சர்க்காரின் குற்றப் புலனாய்வுப் போலீஸை. அதற்குப் புதுப் பெயர் சூட்டிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. பெயர் யார் வாயிலும் நுழையவில்லை, பயம் மட்டும் எல்லார் வயிற்றிலும் நுழைந்துவிட்டது. காக்கிச் சட்டைப் போலீஸ் திருடனைப் பிடிக்கும். இவர்கள் எங்களைப் போன்ற சர்க்கார் ஊழியர்களைப் பிடிப்பவர்கள். ஆபீஸில் யாராவது புது வாட்ச் கட்டிக்கொண்டு வந்தால், "பாத்துப்பா, டெல்லிப் போலீஸ் மணி கேக்கப் போறான்" என்று கிண்டல் செய்வோம். அந்த இடத்துக்கு என்னை ஏன் கூப்பிட வேண்டும்? ரயிலில் வீடு வந்து சேர்வதற்குள் நான் செய்த குற்றங்களையெல்லாம் நினைத்துப் பார்த்துவிட்டேன். தலையணை உறையில் பூப்போடுவதற்காக ஆபீஸ் கார்பன் பேப்பர் இரண்டை வீட்டுக்குக் கொண்டுவந்தது நினைவுக்கு வந்ததும், அதற்காகத்தான் இருக்கும் என்று முடிவே செய்துவிட்டேன்.

சிரிக்காதீர்கள். அப்போது எங்கள் வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். என் கணவர் வேலை பார்த்த கம்பெனிக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். அவர் தினமும் சட்டை மாட்டிக்கொண்டு போய் மூடிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். நானோ டெம்பரரி டைப்பிஸ்ட். வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவு இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். ஒரு கரும்புள்ளி விழுந்தால் போதும், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"தலை நோன்பும் அதுவுமா போலீஸ் கச்சேரிக்கா? எந்த ஊர்லயாவது உண்டா இது?" என்று மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கடைசியில், பூஜையைச் சாயங்காலம் வைத்துக்கொள்ளலாம், எப்படியாவது விளக்கேற்றுவதற்குள் வந்துவிடு என்று ஏற்பாடாயிற்று.

காலையில் அங்கே போனால் விஷயம் வேறு. ஹிந்தி பேசும் ஓர் இன்ஸ்பெக்டர், சாதாரண உடுப்பில், உட்கார வைத்து விளக்கினார். ஒரு வீட்டில் சோதனை போடப் போகிறார்கள். என்ன கிடைத்தாலும் அதைக் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட இரண்டு சாட்சிகள் வேண்டும், சர்க்கார் ஊழியர்களாக இருந்தால் நல்லது. அந்த வீட்டில் தமிழ் பேசும் ஒரு பெண்மணி இருக்கிறார், ஆகவே தமிழ் தெரிந்த ஒரு பெண் சாட்சி. இன்னொரு சாட்சி வேறோர் ஆபீஸைச் சேர்ந்த மராத்திக்காரர், தலை நரைத்த குமாஸ்தா. அப்பாடா, பிடிபடப் போவது நான் இல்லை! அந்தக் கணமே ஒரு காபி கிடைத்தால் தேவலை என்று தோன்றியது.

ஆனால் யார் வீடு, எந்தப் பேட்டை என்று சொல்ல மாட்டேன் என்றுவிட்டார்கள். வண்டி தாதர் தாண்டி மாதுங்காவுக்குள் நுழைந்தது. எங்கள் தெருவா? பக்கத்து வீட்டுக்காரரா? கிங்ஸ் சர்க்கிளில் வண்டி வேகத்தைக் குறைத்தபோது புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன். நல்லவேளை, நிற்கவில்லை. சயானில் தாராவித் தோல் கிடங்குகளின் வாடை காற்றோடு வந்தது. அந்த வாடையைக்கூட அன்றைக்கு ஆசையாக மூச்சிழுத்தேன். வண்டி போய் நின்ற இடம் செம்பூர்.

இரண்டாம் மாடி. வாசலில் செம்மண் பூசி இழைக்கோலம், நிலைப்படியில் மாவிலை. பார்த்தவுடனே என் கால் நின்றுவிட்டது. நோன்பு வீடு! இன்ஸ்பெக்டர் என்னை முன்னால் தள்ளிக் கதவைத் தட்டச் சொன்னார். கதவைத் திறந்தவளுக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். பட்டுப் புடவை, ஈரத்தலையில் முடிச்சு, நெற்றியில் பெரிய குங்குமம். முகம் தெரியாத என்னைப் பார்த்துவிட்டு வாய் நிறைய, "வாங்கோ, வாங்கோ! இப்பத்தான் பூஜை முடிஞ்சது. எந்த பிளாக்குக்குக் குடிவந்திருக்கேள்?" என்றாள்.

அதற்குள் இன்ஸ்பெக்டர் அடையாள அட்டையைக் காட்டிவிட்டார்.

அவள் கணவர் சாமான் கொள்முதல் பார்க்கும் சர்க்கார் அதிகாரி. பஞ்சகச்சத்தோடு வந்தவர், அட்டையைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். அதற்குப் பிறகு தண்ணீர் கேட்டதைத் தவிர அவர் பேசி நான் கேட்கவில்லை.

இவர்கள் வேலை செய்வதில் ஒரு முறை உண்டு. உள்ளே நுழையும் முன் தங்களைச் சோதித்துக்கொள்ளும்படி வீட்டுக்காரரிடமே சொல்வார்கள். பின்னால், நீங்களே கொண்டுவந்து வைத்துவிட்டு எடுத்தீர்கள் என்று பேச்சு வரக் கூடாதல்லவா? ஆண்கள் சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினார்கள். நான் கைப்பையைத் திறந்து அந்த மாமியிடம் நீட்டினேன். ரயில் பாஸும் கைக்குட்டையும்தான் இருந்தன. அவள் பைக்குள் பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

பீரோ, பரண், மெத்தை, அரிசி டின் என்று ஒன்று விடாமல் பார்த்தார்கள். ரேடியோகிராம், ஃப்ரிட்ஜ், பட்டுப் புடவைகள். அந்தச் சம்பளத்துக்கு அவை கட்டுப்படியாகாது என்று எனக்கே தெரிந்தது. நல்ல மனுஷன் என்று நான் அவருக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் கலைத்துப்போட்ட புடவைகளை அவள் ஒன்றொன்றாக மடித்து வைத்துக்கொண்டே வந்ததைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

கடைசியில் நகை. பீரோவில் நகைப் பெட்டி காலி. "நகையெல்லாம் எங்கே என்று கேளுங்கள்" என்றார் இன்ஸ்பெக்டர். அவள் பூஜை மூலையைக் காட்டினாள். கலசத்தில் வெள்ளி முகம் வைத்து, பட்டுப் பாவாடை கட்டி, காசு மாலையும் அட்டிகையும் ஒட்டியாணமுமாக அம்மன் ஜகஜ்ஜோதியாக உட்கார்ந்திருந்தாள். நோன்புக்கு வீட்டு நகையெல்லாம் அம்மனுக்குத்தானே பூட்டுவோம்!

"எடுக்கச் சொல்லுங்கள். பட்டியல் எழுத வேண்டும்."

"இன்னிக்குத் தொடக் கூடாது. நாளைக்குப் புனர்பூஜை பண்ணி, அம்மனை யதாஸ்தானம் பண்ணினப்புறந்தான் எடுக்கணும்னு சொல்லுங்கோ" என்றாள் அவள்.

நான் ஹிந்தியில் சொன்னேன். இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்துகொண்டார். "நகை யாருடையது என்று எழுதிக்கொள்ளட்டும்?"

"இன்னிக்கு அம்மனோடது" என்றாள், பளிச்சென்று.

மராத்திக்காரர் சிரிப்பை அடக்க இருமினார். இன்ஸ்பெக்டருக்கும் வீட்டில் சாமி உண்டு போலிருக்கிறது. ஷூவைக் கழற்றிவிட்டு வந்து கொஞ்சம் தள்ளியே நின்றார். அம்மன் பக்கத்தில் போக யாருக்கும் தைரியம் இல்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "நீங்க குளிச்சுட்டுத்தானே வந்திருக்கேள்?" என்று கேட்டாள் அவள். தலைக்கே குளித்திருந்தேன். நான் போய் அம்மன் முன்னால் மண்டியிட்டு, தொடாமல், கண்ணால் பார்த்து ஒவ்வொரு நகையாகச் சொல்ல, அவர்கள் எழுதிக்கொண்டார்கள். என் தலை நோன்புக்கு நான் செய்த பூஜை அதுதான் என்று நினைத்தபோது அழுகை அழுகையாக வந்தது. நகைகளை வேறு யாரிடமும் கொடுக்க மாட்டேன் என்று அவளிடம் எழுதி வாங்கிக்கொண்டு, அவள் பொறுப்பிலேயே விட்டார்கள்.

எல்லாம் முடிந்து கையெழுத்துப் போட்டோம். பட்டியலில் கண்டதைத் தவிர இந்த வீட்டிலிருந்து யாரும் எதையும் எடுத்துப் போகவில்லை என்று அடியில் ஒரு வரி. அதற்குக் கீழே என் கையெழுத்து. வீட்டுக்காரரை முன்னால் விட்டு ஆண்கள் மாடிப்படி இறங்கினார்கள். நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

"ஒரு நிமிஷம் உள்ள வந்துட்டுப் போங்கோ."

போனேன். என்னவோ சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். குங்குமச் சிமிழை நீட்டினாள். கை தானாக எடுத்து இட்டுக்கொண்டது. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், மேலே ஒரு பச்சை ரவிக்கைத் துணி. அவள் தட்டை நீட்ட, என் முந்தானை தானாக விரிந்தது. வெள்ளிக்கிழமை, நோன்பு வீடு, சுமங்கலி கொடுக்கிறாள். எந்த மாதுங்காக்காரி வேண்டாம் என்பாள்? யோசிக்கவே தோன்றவில்லை. கைப்பையில் திணித்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

வண்டி கிளம்பிய பிறகுதான் உறைத்தது. லஞ்ச கேஸில் சர்க்கார் தரப்புச் சாட்சி, குற்றவாளி வீட்டில் ரவிக்கைத் துணி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள்! அதுவும் எதையும் எடுக்கவில்லை என்று கையெழுத்துப் போட்ட மசி காய்வதற்குள்! அட ஈஸ்வரா என்று கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டேன். பைக்குள் துணி அடங்கியது, தேங்காய் அடங்கவில்லை. குடுமி வெளியே எட்டிப் பார்த்தது. எதிரே உட்கார்ந்திருந்த மராத்திக்காரர் அந்தக் குடுமியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விளக்கு வைத்து நேரமாகியிருந்தது, பூஜையை மாமியாரே முடித்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "நாளைக்கே போய்த் திருப்பிக் குடுத்துட்டு வந்துடறேன்மா."

"தாம்பூலத்தைத் திருப்பிக் குடுக்கறதாவது! பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு? எந்தச் சுமங்கலியாவது அப்படிப் பண்ணுவாளா? அவ குடியே வெளங்காது, நம்ம குடியும் வெளங்காது" என்றார் மாமியார். அத்தோடு நின்றாரா? மறுநாள் தேங்காயை உடைத்துத் துவையல் அரைத்துவிட்டார். அடுத்த வாரம் துணியைத் தையல்காரனிடம் கொடுத்து எனக்கு ரவிக்கையும் தைத்துவிட்டார்.

வைத்துக்கொள்ளச் சட்டம் விடாது, திருப்பிக் கொடுக்கச் சாஸ்திரம் விடாது. இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சொல்லலாமா என்றால், சொன்ன மறுநாள் என் சீட்டு கிழிந்துவிடும். இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் நெருப்பை மடியில் கட்டிக்கொண்டு அலைந்தேன். ஆபீஸில் ப்யூன் என் பக்கம் நடந்து வந்தால் சம்மன் என்று நினைப்பேன். டைப் அடிக்கும்போது வரி விட்டுப்போகும். வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவு வந்த அன்றைக்கு என்னோடு சேர்ந்தவர்கள் பேடா வாங்கிக் கொடுத்தார்கள். நான் என் பங்கைப் ப்யூனிடம் கொடுத்துவிட்டேன். இனி போனால் நிரந்தர வேலையல்லவா போகும்!

அந்தச் செம்பூர் மாமியைத் திட்டாத நாள் இல்லை. சாமர்த்தியக்காரி, வேண்டுமென்றே கொடுத்துச் சிக்கவைத்துவிட்டாள், வக்கீலிடம் சொல்லிப் பத்திரமாக வைத்திருப்பாள், நான் கூண்டில் ஏறியதும் எடுத்து வீசுவாள் என்று ரயிலில், கூட்டத்தில், கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு மனசுக்குள் கத்துவேன். நான் அவள் இடத்தில் இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன். கட்டின புருஷனைக் காப்பாற்ற ஒரு ரவிக்கைத் துணி கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

சம்மன் வந்தது. கோர்ட் வராந்தாவில் மராத்திக்காரரும் நின்றிருந்தார். "பாய், நாரியல் மீட்டா தா க்யா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். தேங்காய் இனித்ததா அம்மா என்று கேட்கிறார்! என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, தம் வீட்டிலும் மஞ்சள் குங்குமத்துக்கு வருகிறவர்களை வெறுங்கையோடு அனுப்புவதில்லை, தம்மை யாரும் கேட்கவில்லை, கேட்காததைச் சொல்லும் பழக்கமும் தமக்கு இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

கூண்டில் ஏறினேன். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வெண்கலக் குரல். "நீங்கள் நகை வியாபாரியா? கவரிங்குக்கும் தங்கத்துக்கும் வித்தியாசம் தெரியுமா? தொடாமலே எப்படிச் சொன்னீர்கள்?" என்று உலுக்கி எடுத்தார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பிறகு அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த வீட்டில் நீங்கள் ஏதாவது..." என்று இழுத்தார். என் உயிர் என்னிடத்தில் இல்லை. "...தண்ணீராவது குடித்தீர்களா?"

"இல்லை."

"அவ்வளவுதான்" என்று உட்கார்ந்துவிட்டார்.

நான் திரும்பிப் பார்த்தேன். பின் வரிசையில் அந்த மாமி உட்கார்ந்திருந்தாள். சாதாரண நூல் புடவை. என் பக்கம் அவள் பார்க்கவே இல்லை.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஏன் கேட்கவில்லை? மறந்துவிட்டாளா? இன்னொரு நாள் கூப்பிட்டுக் கேட்பார்களா? தீர்ப்பு நாளன்று அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போய் நின்றேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. இருப்புக்கொள்ளாமல் நானாகவே போனதுதான். தண்டனை என்று நீதிபதி படித்தார். ஜெயில். கணவரைப் போலீஸ்காரர்கள் பக்கவாட்டுக் கதவு வழியாக அழைத்துப் போனார்கள். அவள் வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். கூட யாரும் இல்லை.

நேரே போனேன். "மாமி, அந்தத் தாம்பூலத்தை நீங்க வக்கீல்கிட்ட சொல்லலையா?"

நிமிர்ந்து பார்த்தாள். "கேட்டார். அந்தப் பொண்ணு நம்மாத்துல ஒரு வாய் காபி குடிச்சிருந்தாக்கூடச் சொல்லுங்கோ, கேஸையே உடைச்சுடலாம்னு தலைபாடா அடிச்சுண்டார். ஆத்துக்காரரும் கேட்டார். அவ ஒண்ணுமே வாங்கிக்கலைன்னுட்டேன்."

"ஏன் மாமி?"

புடவை நுனியைத் திருகிக்கொண்டே சொன்னாள். "அன்னிக்குச் சாயங்காலம் காலனி பூரா அழைச்சிருந்தேன். ஒவ்வொராத்துக்கும் நானே குங்குமச் சிமிழோட போய் அழைச்சது. போலீஸ் வந்தது தெரிஞ்சதும் ஒருத்தி வரலை. எதிராத்துக்காரி நான் பாக்கப் பாக்கக் கதவைச் சாத்திண்டா. சுண்டல் அப்படியே இருந்தது. வெத்தலையெல்லாம் வாடிப்போச்சு. அன்னிக்கு என் கையால வாங்கிண்டவ நீ ஒருத்திதான். உன்னை நான் காட்டிக் குடுப்பேனா?"

அந்த வராந்தாவில் அத்தனை பேருக்கு நடுவில் எனக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. அடக்கத் தெரியவில்லை. ஒரு வருஷமாக இவளையா திட்டினேன் என்று நெஞ்சு எரிந்தது. அவள் பக்கத்தில் அதே பெஞ்சில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கை சில்லிட்டிருந்தது.

அவள் கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள். "எழுந்து போயிடும்மா. மாடிப்படிகிட்ட அந்த இன்ஸ்பெக்டர் நிக்கறார், இங்கதான் பாக்கறார். உன் வேலைக்கு ஏதாவது வந்துடப் போறது."

"பாக்கட்டும் மாமி" என்றேன்.

அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நான் எழுந்திருக்கவில்லை.